நான்கு மலைவழிகள்: பாலக்காடு, இடுக்கி எல்லையில் நாம் பார்க்க வேண்டிய வரலாற்று இடங்கள்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கி விடுவார்கள். நாமும் மலம்புழா, மூணாறு, தேக்கடி என்று ஏதோ ஒரு ஊருக்குக் கிளம்புகிறோம். பூங்காவைப் பார்க்கிறோம், படகில் போகிறோம், போட்டோ எடுத்துக் கொள்கிறோம், ஏலக்காயும் டீத்தூளும் வாங்கிக் கொண்டு வீடு திரும்புகிறோம். "என்ன பார்த்தீங்க?" என்று யாராவது கேட்டால், "நல்ல குளிர், நல்ல வியூ" என்பதோடு பேச்சு முடிந்து போகிறது.

அந்த இடங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம்மவர்களின் கால்தடமும் உண்டு. பாலக்காட்டிலிருந்து குமுளி வரை தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைக்கும் மலைவழிகள் பல. அவற்றுள் நான்கு வழிகளை மட்டும் இக்கட்டுரை எடுத்துக் கொள்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை வகுக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இவ்வழிகளில் வணிகரும் உழவரும் கூலிகளும் பக்தர்களும் நடந்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுச் சென்றவையே இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் காட்சிகள். ஒவ்வொரு வழியாக வந்தவர் யார், அங்கே இன்று பார்க்க இருப்பது என்ன என்று வரிசையாகக் காண்போம்.

1. பாலக்காட்டுக் கணவாய்

மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய இடைவெளி இதுவே. அகலம் சுமார் 30 கிலோ மீட்டர். ஏற்றமே இல்லாமல் கோவையிலிருந்து கேரளத்துக்குள் நுழைந்து விடலாம். பழங்காலத்தில் முசிறித் துறைமுகத்தையும் கருவூரையும் இணைத்த வணிகப் பாதை இதன் வழியாகத்தான் சென்றது. கொங்கு நாட்டில் ரோமானிய நாணயங்கள் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

வணிகர் வந்த வழியில் படையும் வரும் அல்லவா? பாலக்காடு நகரின் நடுவே நிற்கும் கோட்டை அதற்குச் சாட்சி. மக்கள் இதைத் 'திப்பு கோட்டை' என்று சொன்னாலும், 1766-இல் இதைக் கட்டியவர் அவருடைய தந்தை ஹைதர் அலி. 1783-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். பிறகு மைசூர் வசம் திரும்பியது. 1790-இல் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கணவாயைக் காப்பவன் கையில் மலபாரின் வாசல் இருந்தது என்பதே இத்தனை சண்டைக்கும் காரணம். கோட்டையைச் சுற்றியுள்ள அகழியையும் உள்ளே உள்ள ஆஞ்சநேயர் கோயிலையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில் கல்பாத்தி. ஆற்றங்கரையில் காசி விசுவநாதர் கோயிலும், அதற்கு இறங்கும் படித்துறையும், இருபுறமும் சேர்ந்தாற்போல் வீடுகள் நிற்கும் அக்கிரகாரத் தெருக்களும் உள்ளன. 'காசியில் பாதி கல்பாத்தி' என்ற சொல்வழக்கை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கோயில் 1425-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்தது என்பர். ஐப்பசி மாதக் கடைசியில் நடைபெறும் தேர்த் திருவிழா மாயூரம் மாயூரநாதர் கோயில் விழாவை ஒட்டி அமைந்தது. காவிரிக் கரையை விட்டு வந்தவர்கள் தங்கள் ஊர்த் தேரையும் மனதில் தூக்கிக் கொண்டு வந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் பாலக்காட்டுத் தமிழர் என்றால் அக்கிரகாரம் மட்டும்தான் என்று நினைப்பது தவறு. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசும் உழவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

மலம்புழா அணைக்குப் போகிறவர்கள் இன்னொரு செய்தியையும் நினைவில் வைக்கலாம். அந்த அணை கட்டப்பட்டபோது பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்தது. 1955-இல் அதைத் திறந்து வைத்தவர் அன்றைய முதலமைச்சர் காமராஜர். அடுத்த ஆண்டே ஊர் கேரளத்துடன் சேர்ந்தது. எல்லை மாறினாலும் தண்ணீர் அதே வயலுக்குத்தான் பாய்ந்தது!

2. உடுமலை – மறையூர் வழி

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு சோதனைச்சாவடி கடந்து மேலேறினால் சுமார் 45 கிலோ மீட்டரில் மறையூர். கேரளம் என்றாலே மழை என்று எண்ணுபவர்களுக்கு இவ்வழி வியப்பைத் தரும். மலைக்கு மழை மறைவான பக்கம் இது. சின்னாறு காட்டில் முள்மரமும் கள்ளியும்தான். 1984-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில் சாம்பல் நிற அணில், நட்சத்திர ஆமை போன்ற அரிய உயிர்கள் உண்டு.

மறையூரில் கட்டாயம் பார்க்க வேண்டியவை முனியறைகள். பாறை மேட்டில் நாலா பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை வைத்த சிறு அறைகள் இவை. முனிவர்கள் தவம் செய்த இடம் என்றும், பாண்டவர்கள் மறைந்திருந்ததால் 'மறையூர்' என்றும் உள்ளூரில் சொல்வார்கள். ஆய்வாளர்கள் இவற்றைப் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் என்கிறார்கள். அதாவது, இறந்தோரை நினைத்து 2000 ஆண்டுகளுக்கும் முன்பு எழுப்பியவை. சுண்ணாம்பு இல்லை, இரும்புச் சட்டம் இல்லை. கல்லின் எடையே கல்லைத் தாங்கி நிற்கிறது. அதனால்தான் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பதும், கல்லில் பேர் கிறுக்குவதும் கூடவே கூடாது. ஒரு கல் சரிந்தால் அறை முழுவதும் போச்சு. பல அறைகள் ஏற்கெனவே சரிந்து கிடப்பதை நேரில் காணலாம்.

மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்ததே அஞ்சுநாடு. இங்குள்ள பழங்குடும்பத்தார் தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்லி வருகிறார்கள். இன்றும் வீட்டில் பேசுவது தமிழ்தான். இயற்கையாக வளரும் சந்தனக் காடு, கரும்புத் தோட்டத்தின் நடுவே வெல்லம் காய்ச்சும் ஆலை, காந்தளூர்ப் பூண்டு ஆகியவை இப்பகுதியின் பெருமைகள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலையில் சூடாக உருட்டித் தரும் வெல்லத்தை வாயில் போட்டுப் பார்த்த பிள்ளை அந்த ஊரை மறக்காது.

3. போடி – மூணாறு வழி

மறையூரிலிருந்து சுமார் 40 கிலோ மீட்டர் மேலே ஏறினால் மூணாறு. இதன் கதை பெரும்பாலும் 1877-இல் தொடங்குவதாகச் சொல்லப்படும். அவ்வாண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். அந்தக் கண்ணன் தேவன் யார்? அஞ்சுநாட்டு ஊர்த்தலைவர் ஒருவரின் பெயர் என்பர். இன்று டீ பாக்கெட்டில் நாம் படிப்பது ஒரு மலைநாட்டுத் தமிழரின் பெயர்!

தோட்டம் போட்டவர் துரை. காட்டை வெட்டியவர், நாற்று நட்டவர், கொழுந்து கிள்ளியவர் யார்? திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள்தான். போடியிலிருந்து மூட்டை முடிச்சுடன் நடந்தே மலையேறினார்கள். ஏறக்குறைய இதே காலத்தில்தான் நம்மவர் இலங்கை மலையகத்துக்கும் போனார்கள். இங்கே கடல் கடக்கவில்லை. கஷ்டம் மட்டும் ஒன்றே.

விளைந்த தேயிலையை இறக்கவும் போடிப் பக்கம்தான் வழி. 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908-இல் அது இரண்டடி அகல நீராவி ரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊஞ்சலில் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியில் போடிக்குச் சென்றன. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் இந்த ரயில் பாதையை அடித்துக் கொண்டு போய்விட்டது. பிறகு அது போடப்படவே இல்லை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தில் இன்றும் இதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பார்கள். டாப் ஸ்டேஷனில் 'ஸ்டேஷன்' எங்கே என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். இன்னொரு வேடிக்கை: மூணாறு வழியாகப் போய்ப் பார்க்கும் அந்த இடம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது.

மூணாறு நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய ரயிலின் சக்கரத்தைக் காணலாம். அங்கேயே ஒரு கருங்கல் சூரியக் கடிகாரமும் உண்டு. 1913-இல் அதைச் செய்தது இன்றைய தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் இருந்த தொழிற்பள்ளி.

இராஜமலையில் வரையாடு பார்க்கப் போகிறவர்கள், குட்டி ஈனும் பருவமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடப்பட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அங்கிருந்து உள்ளே தள்ளி இருந்தது பெட்டிமுடி லயம். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து அந்த வரிசை வீடுகளை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மலையை ரசித்துப் பார்க்கும்போது, அந்தப் பச்சையைப் பரப்பிய கைகள் எப்படிப்பட்ட வீட்டில் உறங்கின என்பதையும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

4. கம்பம் – குமுளி வழி

தெற்கே வந்தால் கம்பத்திலிருந்து குமுளி. தேக்கடியில் நாம் படகில் செல்லும் ஏரி இயற்கையானது அன்று. 1895-இல் கர்னல் பென்னிகுயிக் தலைமையில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் தேங்கிய நீர் அது. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பினார்கள். தண்ணீருக்குள் பட்டமரங்கள் நிற்பதைக் காட்டி, 'இங்கே முன்பு காடு இருந்தது' என்று பிள்ளைகளுக்கு விளக்கலாம். அணையைப் பற்றி இரு மாநிலத்துக்கும் வழக்கு உண்டு; அதைக் கட்டும்போது காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்ட தொழிலாளர்களைப் பற்றி வழக்கு ஏதும் இல்லை.

குமுளிக்கு மேலே, சுமார் 1337 மீட்டர் உயரத்தில் மங்கலதேவி கண்ணகி கோயில். மதுரையை எரித்த கண்ணகி சேரநாட்டு மலைக்கு வந்தாள் என்பது சிலப்பதிகாரக் கதை. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டுமே பக்தர்களுக்கு அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் செல்வார்கள். அன்று தமிழும் மலையாளமும் ஒரே வரிசையில் நிற்கும்.

செல்வோர் கவனத்திற்கு

நான்கையும் ஒரே டூரில் பார்க்க முயல வேண்டாம். ஒரு விடுமுறைக்கு ஒரு வழி போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைப்பாதையில் மண்சரிவு அபாயம் உண்டு. விசாரித்துக் கொண்டு கிளம்புங்கள். சின்னாறு வழியில் இரவுப் பயணத்தைத் தவிர்த்து விடுங்கள். யானை நடமாடும் இடம்.

இன்னொன்று, கைடு சொல்வதோடு நின்று விடாதீர்கள். டீக்கடை அண்ணனிடமும், கொழுந்து கிள்ளும் அக்காவிடமும், "உங்க தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தாங்க?" என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். கயத்தாறு, சங்கரன்கோவில், போடி என்று ஏதோ ஒரு பெயர் வரும். துரைமார் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. இந்தப் பெயர்கள் பேச்சில் மட்டுமே இருக்கின்றன. சொல்லத் தெரிந்த பெரியவர்கள் குறைந்து வருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளை அதை ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்படியே, "நம்ம தாத்தா எந்த வழியா வந்தார்?" என்று அவர்கள் நம்மைக் கேட்டால், பதில் சொல்ல நாமும் தயாராக இருப்போம்.