தொலைவில் நேர்ந்த துயரும் பெற்றோரைத் தேற்றலும்: கும்பகோணம் பள்ளித் தீ விபத்தை முன்வைத்துப் பள்ளித் தலைமையின் பொறுப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஊரின் பள்ளியில் நேரும் பேரிழப்பு பிற ஊர்ப் பெற்றோரையும் அச்சத்தில் ஆழ்த்துகிறது. அவ்வேளையில் பள்ளித் தலைமை அவர்களை எவ்வாறு தேற்றுதல் வேண்டும் என்பதை, 2004ஆம் ஆண்டுக் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தேற்றம், பள்ளிப் பாதுகாப்பு, தலைமையாசிரியர், பெற்றோர், கும்பகோணம்.

முன்னுரை

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளி வளாகத்தில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். இத்தகைய செய்தியைக் கேட்கும் வேற்றூர்ப் பெற்றோரின் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே: ‘நம் பிள்ளை படிக்கும் பள்ளியில் இது நேருமா?’ அவ்வினாவுக்கு ‘இங்கு அப்படி நடக்காது’ என்னும் விடை எளிதில் கூறத்தக்கது. எனினும் அது பெற்றோரின் ஐயத்தைத் தீர்ப்பதில்லை.

தேற்றம்: சொல்லும் பொருளும்

‘தேறு’ என்னும் வினை தெளிதல், நம்புதல், துயர் நீங்குதல் ஆகிய பொருள்களைத் தரும். அதன் பிறவினையாகிய ‘தேற்று’ என்பது தெளிவித்தலையும் ஆறுதல் கூறலையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பிய இடையியல் ஏகாரத்தின் பொருள்களுள் ஒன்றாகக் கூறும் ‘தேற்றம்’ உறுதிப்பொருளை உணர்த்துவது. எனவே, தெளிவும் உறுதியும் அற்ற ஆறுதல் தேற்றம் ஆகாது. பள்ளித் தலைமையின் சொல்லுக்கும் இஃது அளவுகோலாகப் பொருந்துகிறது.

தொலைவை அளக்கும் முறை

கும்பகோணத்தில் சமையல் செய்த இடத்தில் தோன்றிய தீ கீற்றுக்கூரைக்குப் பரவியது. ஒரே வளாகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இயங்கின. வெளியேறும் வழி குறுகியதாக இருந்தது. இவற்றுள் எதுவும் அவ்வூருக்கே உரிய தனி இயல்பன்று. பிற ஊர்ப் பள்ளிகளிலும் கீற்றுக்கூரைகள் இருந்தமையாலேயே அவற்றை அகற்றுமாறு தமிழக அரசு ஆணையிட்டது.

ஆகவே, தொலைவை இடத்தால் அளத்தல் போதாது. நிலைமையின் ஒப்புமையாலும் அளத்தல் வேண்டும். 300 கி.மீ. அப்பால் கீற்றுக்கூரையின் கீழ் இயங்கிய பள்ளி அவ்விபத்துக்கு மிக அண்மையில் இருந்தது. 1995 டிசம்பர் 23 அன்று அரியானாவின் தப்வாலியில் பள்ளி விழாப் பந்தல் தீப்பற்றியதில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எளிதில் பற்றும் கூரையும் நெரிசலும் அங்கும் இருந்தன. அச்செய்தியை இவ்வாறு அளந்து நோக்கியிருப்பின் கீற்றுக்கூரை வகுப்பறைகளின் ஆபத்து முன்னரே புலப்பட்டிருக்கக் கூடும்.

தலைமையாசிரியர் செய்யத்தக்கன

முதலாவது, பேசுமுன் காணுதல். சமையற்கூடம், கூரை, மாடிப்படி, கதவுகள், மின்கம்பிகள் ஆகியவற்றைப் பெற்றோரையும் உடனழைத்துப் பார்வையிடல் நன்று. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஆவர். அவர்கள் கண்டு கூறுவது பிற பெற்றோரிடம் எளிதில் நம்பிக்கை பெறும்.

இரண்டாவது, கண்டதை உள்ளவாறே கூறுதல். உறுதியான செய்தி எது, இப்பள்ளியில் உள்ள ஏற்பாடு எது, குறை எது, அஃது என்று நீங்கும், அதுவரை மாற்று ஏற்பாடு என்ன என்னும் ஐந்துக்கும் சுருக்கமான கடிதத்திலோ கூட்டத்திலோ விடை தருதல் வேண்டும். கூரையை உடனே மாற்றத் தலைமையாசிரியருக்கு அதிகாரமோ நிதியோ இல்லாதிருக்கலாம். அவ்வறையைப் பூட்டிவிட்டு வகுப்பை வேறிடத்துக்கு மாற்றுதல் பெரும்பாலும் அவரால் இயலும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. குறையை ஒப்புக்கொண்டால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவர், நிர்வாகம் சினம் கொள்ளும் என்னும் தயக்கம் இயல்பே. ஆயின், மறைத்த குறை பின்னர் வெளிப்படின் தலைமையாசிரியர் முன்பு கூறிய உண்மைகளும் நம்பப்படா. அதனினும் பெரிது, மறைக்கப்படும் குறை நீக்கப்படாமலே நின்றுவிடும் என்பதாகும்.

மூன்றாவது, குழந்தைகளைக் கருதுதல். குழந்தை வினவும் அளவுக்கு, அதன் வயதுக்கேற்ற சொற்களில் உண்மையைக் கூறுதல் தகும். விபத்துக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்க விடாதிருக்குமாறு பெற்றோரிடம் வேண்டலாம். அன்றாட வகுப்புகள் வழக்கம்போல் நடைபெறுதல் குழந்தைக்கு மனநிலைப்பைத் தரும். தீத்தடுப்பு ஒத்திகையை முன்னறிவித்து நடத்துதல் வேண்டும். இல்லையேல் ஒத்திகையே அச்சத்தை வளர்க்கும்.

முடிவுரை

கும்பகோண விபத்தைத் தொடர்ந்து தொடரப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் கற்பது கல்வி உரிமையின் ஒரு பகுதி என உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. எனவே, பிள்ளையின் பாதுகாப்புக் குறித்து வினவும் பெற்றோர் தம் உரிமையையே வினவுகின்றனர். அவ்வினாவை வீண் அச்சமெனத் தள்ளாது, பள்ளியைத் திறந்து காட்டி, குறையைக் கூறி, குறித்த நாளில் அதனை நீக்குவதே பள்ளித் தலைமை அளிக்கத்தக்க தேற்றம் ஆகும்.