எந்தோவன் நாடகத் தாள் தொகுப்பு

எந்தோவன் தொகுப்பு என்பது இலண்டன் நகரின் நாடக அரங்குகள் வெளியிட்ட விளம்பரத் தாள்களையும் நிகழ்ச்சி நிரல்களையும் கொண்ட ஆவணத் தொகுப்பு ஆகும். இதைத் திரட்டியவர் கேப்ரியல் எந்தோவன் (1868–1950) என்னும் பெண்மணி. 1924-ஆம் ஆண்டு இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு இதை அவர் நன்கொடையாக அளித்தார். அப்போது இதில் 80,000-க்கும் மேற்பட்ட தாள்கள் இருந்தன. அந்த அருங்காட்சியகத்தின் நாடக, நிகழ்த்துகலைப் பிரிவுக்கு இதுவே அடித்தளம்.

ஓவியம் சுவரில் நிற்கும். நூல் அலமாரியில் நிற்கும். நாடகம் திரை விழுந்ததும் முடிந்துவிடும். ஒலிப்பதிவும் திரைப்படமும் இல்லாத காலத்தில் ஒரு நாடகம் எப்போது நடந்தது, யார் நடித்தார், என்ன கட்டணம் என்பதை அறிய எஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்நாளில் அச்சிட்ட ஒற்றைத் தாள்தான். நம் ஊர் நாடக நோட்டீசைப் போலவே அதுவும் பார்த்துவிட்டுத் தூக்கி எறிவதற்காக அச்சானது.

தொகுப்பின் தோற்றம்

எந்தோவன் நாடக ஆர்வலர், நாடகங்களும் எழுதியவர். நாடகக் கலைக்கெனத் தேசிய அளவில் ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 1911 முதல் அவர் வலியுறுத்தி வந்தார். பழைய நோட்டீசுகளை அருங்காட்சியகப் பொருளாகக் கருதும் வழக்கம் அன்று இல்லை. ஆகவே பதிமூன்று ஆண்டுகள் கழித்தே அவருடைய தொகுப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

தாள்களைக் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. அருங்காட்சியகத்தில் ஊதியமின்றி உழைத்து, தாள்களை அரங்கு வாரியாகவும் நாள் வாரியாகவும் பிரித்து அடுக்கினார். இலண்டனில் புதிதாக அரங்கேறிய நாடகங்களின் நிரல்களையும் தொடர்ந்து சேர்த்தார். இந்த ஒழுங்கே தொகுப்பின் உயிர். தனியாகக் கிடக்கும் ஒரு தாள் ஒரு மாலையைப் பற்றி மட்டும் சொல்லும். ஒரே அரங்கின் நூறு தாள்களை வரிசையாக வைத்தால் கட்டணம் ஏறியது, நடிகர் மாறியது, ஒரு நாடகம் வரவேற்புப் பெற்றது அல்லது மூன்றே நாளில் நின்றது ஆகிய அனைத்தும் தெரியவரும். 1948-இல் இங்கிலாந்தில் நாடக ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக எந்தோவன் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நோட்டீசும் நிரல் ஏடும்

18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாடகத்துக்கென அச்சிடப்பட்டது ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள். அதுவே சுவரில் ஒட்டும் விளம்பரம். அரங்கினுள் நடிகர் பட்டியலாகப் பயன்பட்டதும் அதுவே. பெரிய அரங்குகளில் நாடகம் அடிக்கடி மாறியதால் ஒவ்வொரு நாளுக்கும் புதுத் தாள் அச்சாயிற்று. அரங்கில் பழம் விற்கும் பெண்களே தாள்களையும் விற்றனர். அவசரமாக அச்சிட்டதால் மை காயாமல் கையில் ஒட்டுவதும் உண்டு.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மடித்த ஏடாக நிகழ்ச்சி நிரல் வழக்கத்துக்கு வந்தது. வணிக விளம்பரங்கள் அதில் இடம்பிடித்தன. வாசனைப் பொருள் வணிகர் யூஜின் ரிம்மல் 1860-களில் நறுமணம் ஊட்டிய நிரல்களை அரங்குகளுக்கு அச்சிட்டுத் தந்தார். 1881-இல் திறக்கப்பட்ட சவாய் அரங்கம் மின்விளக்கால் புகழ்பெற்றது. அதன் உரிமையாளர் ரிச்சர்டு டாய்லி கார்ட் நிரல் ஏட்டை இலவசமாக வழங்கியதும் அன்று புதுமையாகப் பேசப்பட்டது.

ஆண்டைக் கண்டறியும் முறை

பழைய தாள்கள் பலவற்றில் கிழமையும் தேதியும் இருக்கும், ஆண்டு இருக்காது. அன்றே பயன்படுத்தி எறியும் தாளுக்கு ஆண்டு தேவைப்படவில்லை. இத்தகைய தாள்களின் காலத்தைக் கணக்கிட்டே அறிய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு தாளில் 'புதன்கிழமை, ஏப்ரல் 10' என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். சாதாரண ஆண்டில் 365 நாட்கள், அதாவது 52 வாரமும் ஒரு நாளும் உள்ளன. ஆகவே ஒரு தேதியின் கிழமை ஆண்டுக்கு ஒன்று தள்ளிப்போகும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு தள்ளிப்போகும். இவ்வாறு கணக்கிட்டால் ஏப்ரல் 10 புதன்கிழமையில் வருவது 1816, 1822, 1833, 1839 ஆகிய ஆண்டுகளில் எனத் தெரியும். பிறகு தாளில் உள்ள நடிகர் பெயர்களைப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் 1825-க்குப் பிறகே இலண்டனில் நடிக்கத் தொடங்கியவர் என்றால் முதல் இரண்டு ஆண்டுகளும் கழிந்துவிடும். அக்காலச் செய்தித்தாள் விளம்பரத்தோடு ஒப்பிட்டால் எஞ்சியவற்றில் ஒன்று உறுதியாகும்.

கட்டணம் சொல்லும் வரலாறு

தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கை வகையும் கட்டணமும் அச்சிடப்பட்டிருக்கும். நாடகத்தின் மூன்றாம் அங்கம் முடிந்தபின் வருவோருக்கு அரைக் கட்டணம் என்ற குறிப்பும் காணப்படும். வேலை முடிந்து தாமதமாக வரும் எளியவர்களுக்கு அது உதவியாக இருந்தது.

இந்தச் சிறு வரிகள் ஒரு பெரும் கலகத்துக்கே சான்று. கோவன்ட் கார்டன் அரங்கம் 1808 செப்டம்பரில் தீக்கிரையானது. புதிய கட்டடம் 1809 செப்டம்பர் 18 அன்று 'மாக்பெத்' நாடகத்தோடு திறக்கப்பட்டது. கட்டடச் செலவை ஈடுகட்ட, மாடத்து இருக்கைகளின் கட்டணம் 6 ஷில்லிங்கிலிருந்து 7 ஷில்லிங்காகவும், தரைப்பகுதியின் கட்டணம் மூன்றரை ஷில்லிங்கிலிருந்து 4 ஷில்லிங்காகவும் உயர்த்தப்பட்டன. செல்வந்தர்கள் வாடகைக்கு எடுக்கும் தனி மாடங்களும் கூடின. பேச்சு நாடகம் நடத்த அரச உரிமம் பெற்றிருந்த மற்றொரு பெரிய அரங்கான டுரூரி லேன், அதே ஆண்டு பிப்ரவரியில் எரிந்துபோயிருந்தது. மக்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

'பழைய கட்டணமே வேண்டும்' என்று பார்வையாளர்கள் ஏறத்தாழ மூன்று மாதம் இரவுதோறும் கூச்சலிட்டு நாடகம் கேட்காதபடி செய்தனர். இறுதியில் மேலாளரும் நடிகருமான ஜான் பிலிப் கெம்பிள் இறங்கிவந்தார். தரைப்பகுதிக் கட்டணம் மீண்டும் மூன்றரை ஷில்லிங் ஆயிற்று. மாடத்துக் கட்டணம் 7 ஷில்லிங்காகவே நின்றது. அரை ஷில்லிங்குக்காக நடந்த இப்போராட்டத்தின் தொடக்கமும் முடிவும் நோட்டீசின் கடைசி வரிகளில் பதிவாகியுள்ளன.

அச்சில் வந்ததெல்லாம் உண்மையா?

நோட்டீசு ஒரு விளம்பரம். நடக்கப்போவதை அது சொல்கிறதே தவிர, நடந்ததை அன்று. நடிகர் நோயுற்றாலும் நாடகம் கடைசி நேரத்தில் மாறினாலும் அச்சான தாள் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். கூட்டம் சேர்க்கப் பொய் சொல்லும் தாள்களும் உண்டு.

புகழ்பெற்ற நடிகர் எட்மண்ட் கீன் 1833 மார்ச் 25 அன்று கோவன்ட் கார்டனில் ஒத்தெல்லோவாக நடிக்கையில் மேடையிலேயே தளர்ந்து விழுந்தார். அந்தப் பாத்திரத்தில் ஏப்ரல் 10 அன்று ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பின நடிகர் தோன்றினார். அரங்கின் நோட்டீசு அவரை ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டவர் என்று அறிவித்தது. உண்மையில் அவர் 1807-இல் நியூயார்க்கில் பிறந்தவர். தொலைதேசத்து மனிதர் என்றால் மக்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள் என்பதே நோக்கம்.

இலண்டன் இதழ்கள் சில அவருடைய நடிப்பை விட்டுவிட்டு நிறத்தைக் குறைகூறி எழுதின. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் பற்றிச் சூடான விவாதம் நடந்த ஆண்டு அது. இரண்டு முறை நடித்ததோடு அந்த அரங்கில் அவருக்கு வாய்ப்பு நின்றது. பின்னர் அவர் ஐரோப்பிய நாடுகளில் பெரும்புகழ் பெற்றார். அந்தத் தாளைத் தனியாகப் படிப்பவர் அவரைச் செனகல்காரர் என்றே எழுதிவிடுவார். மற்ற ஆவணங்களோடு ஒப்பிடுபவருக்கோ, ஒரு கலைஞரை நகரம் எந்தக் கண்ணால் பார்த்தது என்பதற்கு அந்தப் பொய்யே சான்றாகிறது.

இசை அரங்கின் நிரல்கள்

இசை நிகழ்ச்சிகளின் நிரல்களுக்கு வேறொரு பயன் உண்டு. கிறிஸ்டல் பேலஸ் இசை நிகழ்ச்சிகளின் நிரல்களில் ஜார்ஜ் குரோவ் இசைப்படைப்புகளுக்கு விளக்கக் குறிப்புகள் எழுதினார். கேட்போருக்கு அவை பாடநூல் போல் விளங்கின. அவரே பின்னர் புகழ்பெற்ற இசை அகராதியைத் தொகுத்தார்.

குயின்ஸ் ஹால் அரங்கில் ஹென்றி வுட் நடத்துநராக இருக்க, 1895 ஆகஸ்ட் 10 அன்று 'புரோம்ஸ்' இசை விழா தொடங்கியது. அந்த அரங்கம் 1941 மே மாதம் செருமானியக் குண்டுவீச்சில் அழிந்தது. கட்டடம் இல்லை, ஆயினும் அங்கு ஒவ்வொரு மாலையும் என்ன இசைக்கப்பட்டது என்பதை இன்றும் அறிய முடிகிறது.

இன்றைய நிலை

நாடகத்துக்கென்றே கோவன்ட் கார்டனில் 1987-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் 2007-இல் மூடப்பட்டது. ஆயினும் தொகுப்பு கலைக்கப்படாமல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலேயே தொடர்கிறது. பிரித்தானிய நூலகமும் நாடக நோட்டீசுகளைப் பெருமளவில் வைத்துள்ளது. அவற்றின் மின்படிகளிலிருந்து நாடகப் பெயர், தேதி முதலியவற்றைப் பொதுமக்களே படித்துப் பதியும் திட்டத்தை அது 2017-இல் தொடங்கியது.

இப்போது பல அரங்குகள் நடிகர் பட்டியலைக் கைப்பேசியில் படிக்கும்படி தருகின்றன. தாள் என்றால் ஒருவர் வீட்டுப் பெட்டியிலாவது தங்கும். மின்பக்கமோ அடுத்த நாடகம் வந்ததும் மாற்றி எழுதப்பட்டுவிடும். அதை அன்றன்றே படியெடுத்துச் சேர்ப்பது ஆவணக் காப்பகங்கள் இன்று ஏற்கவேண்டிய புதிய பணியாகும்.