பக்கத்தின் முதல் வரி

வீரபாண்டி முதலாகத் திருப்பூரைச் சூழ்ந்த ஊர்களில் பின்னலாடை நூலின் பருமனைக் கவுண்ட் என்னும் எண்ணாற் குறிப்பர். இவ்வாங்கில முறையில் எண் ஏற ஏற நூல் மெலியும்; டெக்ஸ் முறையிலோ எண் ஏற ஏற நூல் தடிக்கும். முன்னதில் 30 என்பது பின்னதில் ஏறக்குறைய 20 ஆகும். ஆகவே, எண்ணை மட்டும் கண்டாற் போதாது. எம்முறை என்பதும் தெரிதல் வேண்டும். இணையப் பக்கத்தின் தலையில் எழுதப்படும் ஆவணவகை அறிவிப்பும் இத்தகையதே.

எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியின் 4.01-ஆம் பதிப்பு 1999-இல் வெளிவந்தது. அது மூவகை இலக்கணங்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நீண்டதோர் அறிவிப்பை விதித்தது. ஆயினும் உலாவிகள் அவ்விலக்கணத்தை எடுத்துப் படித்தனவல்ல.

அங்ஙனமாயின் அவ்வரியாற் பயன் யாது? பழைய உலாவிகள் நியமத்தினின்று வழுவித் தத்தம் போக்கிற் பக்கங்களைக் காட்டின. எழுதினோரும் அவ்வழுக்களுக்கேற்பவே எழுதினர். உலாவியைத் திருத்தினாற் பழைய பக்கங்கள் சிதையும். திருத்தாவிடிற் புதியவை பிழைபடும். 2000-இல் மாக்கிண்டோஷ் கணினிக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 இதற்கோர் உபாயம் கண்டது: தக்க அறிவிப்பு உளதேல் நியமப்படி காட்டும், இலதேல் பழம்பக்கமெனக் கொண்டு பழைய வழக்கப்படி காட்டும். ஏனைய உலாவிகளும் இதனைக் கைக்கொண்டன. இன்றும் அவ்வாறே நடக்கின்றன.

உதாரணமாக, பனியன் அளவுகளை அட்டவணையாகத் தரும் பக்கமொன்றை எண்ணுக. பக்கம் முழுமைக்கும் எழுத்தின் அளவை ஒருமுறை விதித்திருப்போம். அறிவிப்பு இருப்பின் அட்டவணையும் அவ்விதியை ஏற்கும். இல்லையேல் பழைய முறைப்படி ஏலாது. எழுதியவர் அட்டவணையிற் பிழை தேடி மயங்குவர். பிழையோ முதல் வரி இன்மையில் உள்ளது.

2014-இல் நியமமாகிய எச்.டி.எம்.எல். 5 அந்நீண்ட வரியை, கோணக்குறிகளுக்குள் வியப்புக்குறியுடன் தொடங்கும் 'டாக்டைப் எச்.டி.எம்.எல்.' என்னும் இரு சொற்களாகச் சுருக்கிற்று. பதிப்பெண்ணும் அதில் இல்லை; உலாவிக்கு வேண்டுவது இன்ன முறை என்னும் குறிப்பே. ஆயினும் தமிழெழுத்து உருக்குலையாது தோன்றச் செய்வது இதன் தொழிலன்று. அதற்கு எழுத்துமுறையை உணர்த்தும் பிறிதோர் அறிவிப்பு உண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ்நூல்களை டிஸ்கி முறையிலும், பின்னர் யூனிகோடு முறையிலும் வெளியிட்டது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றாகக் கொண்டு காட்டினால் ஓரெழுத்தும் விளங்காது.

மாணவ நண்பர்காள்! கண்ணுக்குப் புலப்படாத வரியென்று இதனை விடற்க. எம்முறையில் எழுதினோமென்பதை நாமே கூறாவிடின், பொறி தானாக ஒன்றை ஊகிக்கும். அவ்வூகம் நம் கருத்தைச் சாராது, கழிந்த காலத்து வழக்கையே சாரும்.