கண்மாய் இருக்கு, வரத்துக்கால் எங்கே?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மேற்குமலையில் பெய்கிற மழை ஓடை வழியே ஒரு கண்மாயை நிரப்பி, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். நம்ம கிணற்று ஊற்றுக்கு அதுதான் ஆதாரம். ஊர் பெருகும்போது கண்மாய்க்குள் வீடு கட்டினால் எல்லோர் கண்ணிலும் படும். வரத்துக்காலை மண்ணடித்து மூடிப் பிளாட் போட்டால் படாது. என் தோட்டத்துக்கு மேற்கே அதுதான் நடந்தது. கண்மாய் அப்படியே இருக்கு, தண்ணிதான் வரலை. கிணறு வற்றினபிறகு மூடாக்கு எந்த ஈரத்தைக் காக்கும்?

ஏரிகளைத் தூர்த்து வளர்ந்த சென்னை 2015-இல் வெள்ளத்தில் மூழ்கியது; 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வாங்கியது.

கிராம வரைபடத்தில் ஓடை, வாய்க்கால் குறித்திருக்கும். அதைக் கையில் வைத்து வரத்துக்காலை மலையடி வரை நடந்து பாருங்க. பிளாட் கல் நடும் முன்னாலேயே கிராமசபையில் மனு கொடுங்க. வீடு எழும்பின பிறகு ஓடையை மீட்பது லேசில்லை.