ஸ்ரெந்தால் நோயும் கலையின் வல்லமையும்

டாரியோ ஆர்ஜென்ரோவின் நெறியாள்கையில் 1996இல் வெளிவந்த ‘ஸ்ரெந்தால் நோய்’ என்னும் இத்தாலியத் திகிற்படத்தில், கொலைஞனைத் தேடிப் புளோரன்சின் உபிசி ஓவியக்கூடத்துக்கு வரும் பெண் பொலிஸ் அதிகாரி அன்னா, ஓவியங்களின் முன் மயங்கி வீழ்கிறாள். அந்நகரின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் கண்டவற்றால் நெஞ்சு படபடத்ததாக எழுதிய பிரெஞ்சு நாவலாசிரியரின் பெயரே நோய்க்கு இடப்பட்டது. உளமருத்துவர் கிராசியெல்லா மகெரினி, இத்தகைய 106 பேரை ஆராய்ந்து 1989இல் நூலொன்று வெளியிட்டார்.

அவர்கள் உல்லாசப் பிரயாணிகள் என்பதே எமது கவனத்துக்குரியது. ஓவியம் மட்டுமே காரணமாயின், அதனருகே அன்றாடம் நிற்கும் காவலாளியன்றோ முதலில் வீழ்ந்திருக்க வேண்டும்! உபிசி, வங்கித்தொழிலால் உயர்ந்த மெடிச்சி குடும்பத்தின் ஆட்சி அலுவலகங்களுக்காக 1560இல் கட்டத் தொடங்கப்பட்டது. பலிபீடங்களுக்கென வரையப்பட்டவை இன்று அங்கே காட்சிப்பொருள்களாயுள்ளன. வழிபாட்டிலிருந்து பிரிக்கப்பட்ட படைப்பின் முன், ‘மேதைமை’ பற்றிய எதிர்பார்ப்பைச் சுமந்து, சில நாள்களுள் அனைத்தையும் கண்டுவிட வந்தவன் நிற்கிறான். அவனது மயக்கத்துக்கு வரலாறு உண்டு.

படம் இதனைத் தொடவில்லை. அன்னாவைப் பின்னர் சிதைப்பது ஓர் ஆணின் பாலியல் வன்முறையே. அதனையும் கலையின் மாயத்தையும் ஒன்றாகக் குழப்புவது படத்தின் பெருங்குறை. எனினும் தொடக்கக் காட்சி வலுவானது. புரூகலின் பெயரால் அறியப்படும், உண்மையில் பிரசல்சில் உள்ள ‘இக்காரசின் வீழ்ச்சி’யின் கடலுள் அவள் அமிழ்கிறாள். அவ்வோவியத்தின் முன்புறத்தை நிறைப்பவன், வீழ்பவனைத் திரும்பியும் பாராது நிலத்தை உழும் உழவன். ஆர்ஜென்ரோவின் கமரா அவனைக் கடந்து நேரே கடலுக்குள் இறங்கிவிடுகின்றது.