புலனாய்வாளர் விரட்டப்பட்டால் வழக்கு என்னவாகும்?

காவல் அதிகாரி ஒருவர் அயல்நாடு சென்று குற்றப் புலனாய்வுக்குத் தலைமை ஏற்பதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆஸ்திரேலியக் காவல்துறையைச் சேர்ந்த பாப் ரீட் 1994-இல் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் சேர்ந்தார். குற்றவாளிகளின் அதிகாரம் எட்டாத இடத்தில் இருந்து அவர் விசாரித்தார்.

இலங்கையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. குற்றப் புலனாய்வுத் திணைக்கள ஆய்வாளர் நிசாந்த சில்வா, 2009 சனவரியில் கொல்லப்பட்ட இதழாசிரியர் லசந்த விக்ரமதுங்கவின் வழக்கையும், 2008-2009-இல் கொழும்பு வட்டாரத்தில் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட வழக்கையும் விசாரித்தவர். பின்னதில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் கடற்படையினர். பாதிக்கப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு.

2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச ஆட்சிக்கு வந்தார். அம்மாதம் 24-ஆம் நாள் சில்வா குடும்பத்துடன் சுவிட்சர்லாந்துக்குச் சென்றுவிட்டார். அவருடைய மேலதிகாரி ஷானி அபேசேகர பதவியிலிருந்து அகற்றப்பட்டு, 2020 சூலையில் கைது செய்யப்பட்டார். 2021-இல் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை எனச் சட்டமா அதிபர் தரப்பு அறிவித்தது. விசாரித்தவர்களை அகற்றினாலே போதும், வழக்கு தளர்ந்துவிடும் என்பதே இதன் பாடம்.

இது நமக்கும் நெருக்கமான பாடம். அடி அண்ணாமலையில் பதிவாகும் வன்கொடுமைப் புகாராயினும், வேறெந்தச் சிற்றூரில் பதிவாவதாயினும், அதை விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 7-ஆம் விதி. அவருடைய முன்அனுபவத்தையும் நீதியுணர்வையும் கருதியே அவரை நியமிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட வேண்டும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

ஆனால், நேர்மையாக விசாரிக்கும் அதிகாரியை இடையில் மாற்றுவதை இவ்விதி வெளிப்படையாகத் தடுக்கவில்லை. உள்ளூர் ஆதிக்கச் சாதியினரின் செல்வாக்கு நுழையும் வாயில் இதுவே.

ஆகவே, வழக்குப் பதிவானதுடன் நம் பணி முடிவதில்லை. விசாரணை அதிகாரி யார், எந்நாளில் நியமிக்கப்பட்டார், ஏன் மாற்றப்பட்டார் என்பதை நாம் எழுத்து வடிவில் கேட்க வேண்டும். காரணமின்றி அவர் மாற்றப்பட்டால் அதனை நீதிமன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். புலனாய்வாளரின் சுதந்திரம் அவருடைய பணி நலன் மட்டுமன்று, பாதிக்கப்பட்டோரின் உரிமையுமாகும்.