பத்து எண்ணுவதற்குள் – 17: மான்ட்ரியாலில் எண்ணியவர்

இந்த வாரம் காசியஸ் கிளே வருவார் என்று சொல்லியிருந்தேன். பாத்திரம் கழுவச் சொன்னது பிடிக்காமல் குத்துச்சண்டை வீரர் ஆர்ச்சி மூரின் பயிற்சி முகாமைவிட்டுக் கிளம்பிய பையன், இரண்டே வருடத்தில் அதே மூருக்கு எதிரே கையுறை மாட்டி நின்ற கதை. அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. செவ்வாய்க்கிழமை இரவு, 1958 மான்ட்ரியால் சண்டையின் கறுப்பு வெள்ளைப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்ததுதான் காரணம். எத்தனையோ முறை பார்த்த படம். ஆனால் இதுவரை விழுகிறவரையும் வீழ்த்துகிறவரையும் மட்டுமே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முதல்முறையாக நடுவரைப் பார்த்தேன். பிறகு தூக்கம் வரவில்லை.

மூர் 17 வருடம் காத்திருந்து 1952 டிசம்பரில் லைட் ஹெவிவெயிட் பட்டம் வென்றதும், தோற்ற ஜோயி மேக்ஸிமுக்கு ஒரு லட்சம் டாலர் போக, வென்றவர் கைக்கு வெறும் 800 டாலர் வந்ததும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அங்கிருந்து தொடர்கிறேன்.

முதலில் ஒரு பாக்கி. ராக்கி மார்சியானோவோடு மூர் மோதிய சண்டையைப் பற்றிச் சென்ற வாரம் நாலு வரிதான் எழுத முடிந்தது. மார்சியானோ அப்போது தோல்வியே காணாத ஹெவிவெயிட் சாம்பியன். அவரை வளையத்துக்குள் இழுத்துவர மூர் பட்ட பாட்டைத் தனி நூலாகவே எழுதலாம். நாடெங்கும் விளையாட்டுச் செய்தியாளர்களுக்குக் கடிதம் கடிதமாகப் போட்டார். டொலீடோ நகரத்து கார் வியாபாரி ஒருவர் செலவை ஏற்க, 'தேடப்படும் குற்றவாளி' சுவரொட்டிபோல ஒன்றை அச்சடித்தார். அதில் இருந்தது மார்சியானோவின் படம். பிடித்துவந்து வளையத்தில் ஒப்படைப்பவருக்குச் சன்மானம். கீழே கையெழுத்து: ஷெரிப் ஆர்ச்சி மூர். மேக்ஸிமோடு மோதும் வாய்ப்பைக் கேட்டும் முன்பு அவர் இப்படித்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கையில் குத்தும், பையில் தபால்தலையும் வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர்.

1955 செப்டம்பர் 21, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். புயல் மிரட்டியதால் ஒருநாள் தள்ளிவைக்கப்பட்ட சண்டை. 61,000 பேருக்கு மேல் கூட்டம். இரண்டாம் சுற்றில் மூரின் வலக்கை இறங்கியது. மார்சியானோ கையையும் முழங்காலையும் ஊன்றிவிட்டார். தொழில்முறை வாழ்க்கையில் அவர் கீழே விழுந்தது இரண்டே தடவை, அதில் இது இரண்டாவது. விழுந்த வேகத்திலேயே எழுந்தும் விட்டார். அங்கேதான் வழக்கு.

எழுந்தவர் எட்டு எண்ணும்வரை நிற்கவேண்டும் என்ற விதி அன்றைய பட்டச் சண்டைகளுக்குக் கிடையாது. எழுந்தாரா, உடனே சண்டையைத் தொடர வேண்டியதுதான். ஆனால் நடுவர் ஹாரி கெஸ்லர், எழுந்து நின்ற மார்சியானோவுக்கு எதிரே நின்று எண்ணிக்கொண்டே இருந்தார். சில வினாடிகள்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண் தெளியாமல் நின்றவருக்கு அந்தச் சில வினாடி போதுமானதாக இருந்தது. அன்று உலக ஹெவிவெயிட் பட்டம் தன்னைவிட்டுப் போனது அந்த எண்ணிக்கையில்தான் என்று மூர் சாகும்வரை சொன்னார். எனக்கும் அவர் கட்சிதான் சரியென்று படுகிறது.

அதன்பிறகு மூர் பட்ட அடி பார்க்கச் சகிக்காது. எட்டாம் சுற்று முடிந்ததும் நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்கள். தானும் ஒரு சாம்பியன், தோற்பதானால் பத்து எண்ணப்பட்டே தோற்கிறேன் என்கிறார் மூர். ஒன்பதாம் சுற்றில் அப்படியே ஆயிற்று. இந்தத் தொடருக்கு இப்படியொரு தலைப்பை ஏன் வைத்தேன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் அது.

இனி மான்ட்ரியால்.

1958 டிசம்பர் 10, மான்ட்ரியால் ஃபோரம் அரங்கம். மூர் இன்னும் லைட் ஹெவிவெயிட் சாம்பியன். மூன்று நாளில் பிறந்தநாள். அம்மா கணக்குப்படி 45 வயது, மகன் கணக்குப்படி 42. எதிரே 29 வயது ஈவோன் டுரெல். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் பே செயின்ட் ஆன் என்ற கடலோர ஊர்க்காரர், மீனவர். படகில் வலை இழுத்த கை, இழுத்த இழுப்பிலேயே வளைந்து வரும் குத்து. நாசூக்கு கிடையாது.

முதல் சுற்று தொடங்கி அதிக நேரம் ஆகவில்லை. டுரெலின் வலக்கை தாடையில் பட, மூர் மல்லாந்து விழுகிறார். கை தளர்ந்து கிடக்கிற கிடையைப் பார்த்தால், முடிவு தெரிந்த எனக்கே இன்றும் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. ஒன்பதில் எழுகிறார். மறுபடி விழுகிறார், எழுகிறார். சுற்று முடியுமுன் மூன்றாவது முறையாகவும் விழுகிறார். ஒரே சுற்றில் மூன்று முறை விழுந்தால் சண்டை முடிந்தது என்ற விதி பல ஊர்களில் உண்டு. அன்றைய சண்டைக்கு அது இல்லை. அதனால் எண்ணினார்கள், மூரும் எழுந்தார்.

எண்ணியவர் யார்? செவ்வாய்க்கிழமை இரவு நான் படத்தை நிறுத்திப் பார்த்தது இவரைத்தான்: ஜாக் ஷார்க்கி.

மூன்றாம் அத்தியாயத்தில், 1927-இல் சிகாகோவில் நடந்த நெடிய எண்ணிக்கையைச் சொன்னேன். விழுந்துகிடந்த டனியைவிட்டு டெம்ப்ஸி மூலைக்குப் போகத் தாமதித்ததால், டனிக்குப் பதினாலு வினாடி வரை கிடைத்த சண்டை. அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜூலை 21-ஆம் தேதி, அதே டெம்ப்ஸியோடு யாங்கி ஸ்டேடியத்தில் மோதியவர் இந்த ஷார்க்கி. அன்று ஏழாம் சுற்றுவரை முன்னணியில் இருந்தார். டெம்ப்ஸி இடுப்புக்குக் கீழே குத்துகிறார் என்று ஷார்க்கிக்குக் கோபம். முறையிட நடுவர் பக்கம் தலையைத் திருப்பினார். திருப்பிய தாடையில் டெம்ப்ஸியின் இடக்கை விழுந்தது. முறையீட்டைக் கேட்கவேண்டிய நடுவர், கேட்பதற்குப் பதிலாகப் பத்து எண்ணி முடித்தார்.

நடுவரை நம்பித் திரும்பியதற்காகத் தரையில் கிடந்த மனிதர், முப்பத்தோரு வருடம் கழித்து நடுவராகக் குனிந்து நின்று இன்னொருவருக்கு எண்ணுகிறார். இத்தனை நாள் படம் பார்த்தும் இது எனக்கு உறைக்கவில்லை. படத்தில் கவனித்தீர்களானால் தெரியும், ஷார்க்கி அவசரப்படவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் கை தெளிவாக இறங்குகிறது. கிடப்பவன் காதில் விழவேண்டும் என்று எண்ணுகிற எண்ணிக்கை அது.

இன்னும் இருக்கிறது. ஷார்க்கியின் இயற்பெயர் ஜோசப் சுகௌஸ்கஸ், லித்துவேனியக் குடும்பம். வளையத்துக்கென்று பெயர் வைத்துக்கொண்டபோது, தான் கொண்டாடிய இரண்டு வீரர்களின் பெயரை ஒட்டினார். பழைய வீரர் டாம் ஷார்க்கியிடமிருந்து 'ஷார்க்கி'. ஜாக் டெம்ப்ஸியிடமிருந்து 'ஜாக்'. தன்னைச் சாய்த்தவரின் பெயரைத்தான் அவர் ஆயுள் முழுக்கச் சுமந்தார். 1932-இல் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார், மறுவருடம் இழந்தார். 1936-இல் ஜோ லூயிஸிடம் மூன்றாம் சுற்றில் தோற்று ஒதுங்கினார். டெம்ப்ஸி, லூயிஸ் இருவரோடும் மோதியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். பிறகு தூண்டில் பிடித்தார். பேஸ்பால் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸோடு ஊர் ஊராகப் போய்த் தூண்டில் வீசிக் காட்டும் நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறார்.

மூரின் மூலையில் யார் என்று பார்த்தால் அங்கும் டெம்ப்ஸியின் நிழல். மேனேஜர் 'டாக்' கெர்ன்ஸ், 1919-இல் டெம்ப்ஸியைச் சாம்பியனாக்கியவர். மேக்ஸிமுக்கு மேனேஜராக இருந்தபோதே, பட்டச் சண்டைக்கு விலையாக மூரின் வருமானத்தில் பங்கு எழுதி வாங்கிக்கொண்டவரும் அவரே. ஒரு சதுர மேடை, அதற்குள் எத்தனை பழைய கணக்கு!

ஐந்தாம் சுற்றில் மூர் மறுபடி விழுகிறார். நான்காவது தடவை. இங்கே மூரின் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விழுந்ததும் வெட்கத்தில் துள்ளி எழுவது இளைஞர்களின் பழக்கம். மார்சியானோ எழுந்ததும் அப்படித்தான். மூர் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டே கிடப்பார். ஒரு முழங்காலைக் கூட்டுவார், மூச்சை வாங்குவார், கடைசி வினாடிக்கு முந்தியதில் நிமிர்வார். பட்டத்துக்காக 17 வருடம் காத்திருந்தவருக்கு ஒன்பது வினாடியின் விலை தெரியும். எழுந்ததும் இரண்டு முழங்கையையும் முகத்துக்கு முன்னே குறுக்காக மடித்துக்கொண்டு அந்தக் கூட்டுக்குள் ஒடுங்குவார். அவருக்குக் கிழக்கீரி என்று பட்டப்பெயர் வந்தது சும்மா அல்ல.

ஐந்தாம் சுற்றுக்குப் பின் டுரெலின் கை கனக்கத் தொடங்குகிறது. ஏழாம் சுற்றில் டுரெல் விழுகிறார். பத்தாம் சுற்றில் மறுபடி; மணி அடித்ததால் தப்பினார். பதினொன்றில் இரண்டு முறை விழுந்தார், இரண்டாவதில் எழவில்லை. ஷார்க்கி பத்து எண்ணி முடித்தார். அன்றைய கணக்கில் அது மூரின் 127-ஆவது நாக்-அவுட். யங் ஸ்ட்ரிப்ளிங் வைத்திருந்த 126 என்ற சாதனை அந்த எண்ணிக்கையோடு போயிற்று.

டுரெலை இங்கேயே விட்டுவிட மனம் வரவில்லை. அடுத்த வருடம் ஆகஸ்ட் 12-ஆம் தேதி அதே ஃபோரத்தில் இருவரும் மறுபடி மோதினார்கள். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் மூன்றாம் சுற்றில் முடிந்தது என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அந்தச் சண்டைக்கு எட்டு வாரம்கூட இல்லாத நிலையில், 1959 ஜூன் 20 அன்று, சால்மன் மீன் பிடிக்கப் போயிருந்த படகுகள்மேல் நார்தம்பர்லேண்ட் நீரிணையில் புயல் விழுந்தது. 35 மீனவர்கள் திரும்பவில்லை. பே செயின்ட் ஆன், எஸ்க்யூமினாக் பக்கத்து ஆட்கள். டுரெலின் ஊர்க்காரர்கள், கூடப் படகு ஏறியவர்கள். கரையில் நின்று காத்திருப்பது என்ன என்று நம் கடலோர ஊர்களுக்குத் தெரியும். அந்தக் கோடையில் டுரெல் எந்த மனத்தோடு கையில் துணி சுற்றிக்கொண்டு மான்ட்ரியாலுக்கு வந்திருப்பார் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் சுற்றில் அவர் விழுந்து விழுந்து எழுந்ததைத் தோல்வி என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

பக்கம் முடிகிறது. கிளே அடுத்த வாரம் உறுதியாக வருகிறார்: 1962 நவம்பர் 15, லாஸ் ஏஞ்சல்ஸ். எந்தச் சுற்றில் மூர் விழுவார் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு வந்த இருபது வயதுப் பையன். நான்கு என்று சொல்லியிருந்தான்.

(தொடரும்)